இந்தோனேசியாவில் கைப்பேசி அடையாள அட்டைக்கு மாற மக்கள் தயங்குவது ஏன்?

செயலி இலவசமாகக் கிடைத்தும் இந்தோனேசியர் பலர் டிஜிட்டல் குடிமை அடையாளத்துக்கு மாறத் தயங்குவது ஏன் என்ற கேள்விக்கு, ஆர்வமின்மையைக் காட்டிலும் நடைமுறையே பெரிய காரணம் என்பேன். 2022ஆம் ஆண்டின் உள்துறை அமைச்சக விதி எண் 72-இன் கீழ் வந்த இந்தச் செயலி அறிமுகமானபோது, 16 இலக்க அடையாள எண், மின்னஞ்சல், கைப்பேசி எண் ஆகியவற்றைப் பதிந்து, முகத்தைச் சரிபார்த்த பின்னரும், மாவட்டக் குடிமைப் பதிவு அலுவலக ஊழியர் காட்டும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் கணக்கு செயல்படத் தொடங்கும் என்று வகுத்திருந்தார்கள். அலைச்சலைக் குறைக்க வந்த சேவையே முதலில் ஓர் அலைச்சலைக் கேட்டது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அது தேவைதான். ஆனால் சிறு தீவுகளில் வாழ்பவர்களுக்கு அது ஒரு நாள் கூலியையும் படகுச் செலவையும் குறிக்கும்.

கையில் பிளாஸ்டிக் அட்டை இருக்க, வங்கியும் மருத்துவமனையும் அதன் நகலையே கேட்கும்போது, புதியதற்கு மாற யாருக்கும் அவசரம் இராது.

இதற்கு மாறாக, குடும்ப அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் 80 கிராம் வெள்ளைத் தாளில் வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்ள 2020 ஜூலை முதல் வழி பிறந்தது. மின்னணுக் கையொப்பம் இருப்பதால் மேலொப்பமும் தேவையில்லை. அந்தப் பயன் உடனே தெரிந்தது. ஊழியர்களே பள்ளிகளுக்கும் கிராமங்களுக்கும் சென்று செயலியைப் பதிந்து தரும் முகாம்கள், விளம்பரத்தைவிட அதிகம் உதவும் என்று எண்ணுகிறேன்.