வாய் திறக்காத வகுப்பு – கடிதமும் பதிலும்

வணக்கம்.

பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் அடிப்படைக் கணினி வகுப்பு எடுக்கிறேன். பல வருடங்களாக இதே வேலைதான். வருகிறவர்கள் முப்பத்தைந்து வயதிலிருந்து அறுபத்தைந்து வரை. பெரும்பாலும் வேலை முடிந்து நேராக வருபவர்கள்.

முன்பு ஒரு பழைய கூட்ட அறையில் வகுப்பு நடந்தது. நடுவில் நீளமான ஒரு மேசை, சுற்றிலும் ஒன்றோடொன்று பொருந்தாத நாற்காலிகள், பாதி லேப்டாப்களில் சார்ஜ் நிற்காது. ஆனால் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் ஃபைலைத் தொலைத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தேடிக் கொடுப்பார். சென்ற ஆண்டு புதிய கட்டடத்துக்கு மாறினோம். ஏசி, பெரிய திரை, ஆளுக்கொரு கணினி, வரிசையாக மேசைகள், மைக். வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் என்று இருந்ததை முப்பதாக்கினார்கள்.

இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. "புரிகிறதா?" என்றால் முப்பது தலையும் ஆடுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து ஆட்கள் குறையத் தொடங்குகிறார்கள். "இவ்வளவு செலவு செய்து கொடுத்திருக்கிறோம், இனி குறை உங்கள் பக்கம்தான்" என்கிறது நிர்வாகம். சக ஆசிரியர் ஒருவரோ, "பெரியவர்களுக்குக் கூச்சம் அதிகம். ஆர்வம் இருந்தால் மரத்தடியில்கூடக் கற்றுக்கொள்வார்கள்" என்கிறார். நாலு சுவர் இவ்வளவு தூரம் மாற்றிவிடுமா? அல்லது நான்தான் சாக்குத் தேடுகிறேனா?

ம.

*

அன்புள்ள ம.,

சாக்கு இல்லை. ஆனால் சுவருக்குப் போவதற்கு முன், நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். பன்னிரண்டு பேர் முப்பது பேரானார்கள். வகுப்பு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், முன்பு ஒவ்வொருவர் பக்கத்திலும் ஏழு நிமிடம் நின்றிருக்க முடியும். இப்போது மூன்று நிமிடம், அதுவும் நீங்கள் பாடமே நடத்தாமல் இருந்தால். கணினி கற்கிறவருடைய கேள்வி முழு வாக்கியமாக வருவதில்லை. "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பதுதான் கேள்வி. எதைத் தொட்டோம், எது காணாமல் போனது என்று கோவையாகச் சொல்லத் தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே புரிந்துவிட்டது. பக்கத்தில் ஆள் வந்து நிற்காத இடத்தில் மற்றவர்களின் கேள்வி பிறக்கவே பிறக்காது. நிர்வாகத்திடம் பேசும்போது இந்தக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஏசியைப் பற்றிய பேச்சு பிறகு.

இனி அறைக்கு வருவோம். உங்கள் சக ஆசிரியர் மோசமான சூழலுக்கு மரத்தடியை உதாரணம் காட்டுகிறார். மரத்தடியில் எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்க்கலாம். குரல் சுவரில் மோதித் திரும்பி வராது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. எழுந்து போக யாருடைய முழங்காலையும் தாண்ட வேண்டியதில்லை. உங்கள் புதிய அறையைவிட அது எவ்வளவோ மேல் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நாற்காலி கிடக்கும் இடம் பேச்சை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வகுப்பறையில் நடந்ததல்ல. 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஒரு மருத்துவமனையின் முதியோர் பிரிவுக்குச் செலவு செய்து புதிய நாற்காலிகள் வாங்கி, பெயின்ட் அடித்து, பளிச்சென்று ஆக்கினார்கள். பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் அங்கே இருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசுவது மட்டும் கூடவில்லை. ராபர்ட் சோமர் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். நாற்காலிகள் எல்லாம் சுவரை ஒட்டி, தோளோடு தோளாக வரிசையில் கிடந்தன. கூட்டித் துடைக்கிறவர்களுக்கு அது வசதி. உட்கார்ந்திருப்பவருக்கோ பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். சோமர் சிறிய மேசைகளைப் போட்டு, நாற்காலிகளை அவற்றைச் சுற்றி வைத்தார். சில வாரங்களில் உரையாடல்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இரண்டு மடங்கு அல்ல. மேசைகளைப் போட்ட புதிதில் நாற்காலிகள் திரும்பத் திரும்பச் சுவருக்கே போய்ச் சேர்ந்தன. ஊழியர்களுக்கும் பிடிக்கவில்லை, அங்கே இருந்த முதியவர்களுக்கும் பிடிக்கவில்லை. மேசைமேல் பூ வைத்து, பத்திரிகைகளைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டியிருந்தது. நீங்கள் நாளை மேசையைத் திருப்பிப் போட்டாலும் உங்கள் மாணவர்களே முதலில் முகம் சுளிப்பார்கள். சிறுவயதில் உட்கார்ந்த வரிசைதான் அவர்களுக்குத் தெரிந்த வகுப்பு. வரிசை இல்லையென்றால் இது நிஜமான வகுப்பா என்றே சந்தேகப்படுவார்கள். இரண்டு மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

சோமர் பின்னர் வகுப்பறைகளையும் ஆராய்ந்தார். நேர்வரிசை வகுப்புகளில் முன்பக்கத்திலும் நடுவிலும் இருப்பவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள் என்று கண்டார். மாலை வகுப்பில் இதன் பலனை யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்து வேர்க்க விறுவிறுக்க, தாமதமாக வருகிறவருக்குக் கிடைப்பது கடைசி வரிசை. அன்றைக்கு அதிகம் களைத்தவர் எவரோ, அவர்தான் உங்களிடமிருந்து அதிக தூரத்தில் இருக்கிறார்.

கூச்சத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்குக் கூச்சம் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. அது அவர்கள் பிறவிக்குணம் என்பதைத்தான் மறுக்கிறேன். உங்கள் வகுப்பில் இருக்கும் ஐம்பது வயதுக்காரரிடம் பகல் முழுக்கப் பத்துப் பேர் வந்து சந்தேகம் கேட்டிருப்பார்கள். மாலையில் அவர் மவுஸை இரண்டு முறை சொடுக்கத் தெரியாமல் விழிக்கிறார். பழைய மேசையில் அந்த விழிப்பு பக்கத்து நாற்காலிக்கு மட்டும்தான் தெரியும். அவரும் அதே நிலையில் இருப்பதால் பாதகமில்லை, குரலைத் தாழ்த்திக் கேட்டுவிடலாம். வரிசையில் அப்படியல்ல. பின்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் அவருடைய மானிட்டர் தெரிகிறது, அவருக்கு அவர்கள் முகம் தெரியவில்லை. கேட்க வேண்டுமென்றால் கை தூக்கி, முப்பது பேர் காதில் விழும்படி கேட்க வேண்டும். அதே மனிதர்தான், அதே ஆர்வம்தான். கேட்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஏறிவிட்டது.

இடம் மாறினால் பெரியவர்களின் திறமையே மாறிப்போவதைக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. மானுடவியலாளர் ஜீன் லேவும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவில் செய்தது. சாமான் வாங்கும்போது எது மலிவு என்று பார்க்கப் போடும் கணக்குகளில் அந்தப் பெரியவர்கள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அவர்களுக்கே தாளில் கணக்குத் தேர்வு வைத்தபோது 59 சதவீதம். தேர்வு போல் தோன்றும் இடத்தில் உட்காரவைத்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

(சூழல் என்றதும் பலர் 1975-இல் கடலுக்கடியில் முக்குளிப்பவர்களைச் சொற்களை மனப்பாடம் செய்யவைத்த சோதனையை எடுத்துக்கொண்டு வருவார்கள், படித்த இடத்திலேயே நன்றாக நினைவுக்கு வருமாம். 2021-இல் அதைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நிர்வாகத்திடம் அதை எடுத்துப் போகாதீர்கள்.)

முப்பது தலை ஆடுகிறது என்றீர்களே, அதில் சில தலைகள் காது கேட்காததால் ஆடுகின்றன. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அலைவரிசை ஒலிகளை. பேச்சில் ச, ஸ, ஃப போன்ற மெய்கள் அங்கேதான் இருக்கின்றன. குரல் நன்றாகக் கேட்கும், சொல் பிரியாது. ஏசி இரைச்சலும் முப்பது கணினிகளின் விசிறிச் சத்தமும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் மெய்யும் போய்விடும். வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 விநாடி அளவில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. கண்ணாடியும் டைல்ஸும் வெறுஞ்சுவருமாகக் கட்டும் புதிய அறைகள் பலவற்றில் இதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே ஏறும். நாலைந்து முறை "என்ன சொன்னீங்க?" என்று கேட்கலாம். ஆறாவது முறை எந்தப் பெரியவரும் கேட்கமாட்டார், தலையை ஆட்டிவிடுவார்.

கண்ணும் அப்படித்தான். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். நாமோ திரை நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கை அணைக்கிறோம், அவருடைய நோட்டு இருட்டில் போய்விடுகிறது. இருபார்வைக் கண்ணாடி போட்டிருப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? கிட்டப் பார்க்க வேண்டிய கண்ணாடி கீழ்ப்பாதியில் இருக்கிறது, மானிட்டர் கண்ணுக்கு நேரே இருக்கிறது. முகவாயைத் தூக்கிக்கொண்டேதான் படிக்க முடியும். பிறகு கீபோர்டுக்குக் குனிய வேண்டும், மறுபடி பெரிய திரையை நிமிர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கழுத்து வலித்தால், "இதெல்லாம் நம்ம வயசுக்கு ஒத்துவராது" என்று நின்றுவிடுவார். உங்கள் மூன்றாவது வாரக் கணக்கில் இவர்களும் இருக்கலாம். மானிட்டரை நாலு விரல் கீழே இறக்கச் செலவு ஒன்றுமில்லை.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும், அறை கற்கிறவரை யாராக நினைக்கிறது என்பது மிச்சமிருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு என்று ஒரு தீவு. 1957 ஜனவரியில் அங்கே கறுப்பின மக்களுக்காக ஓர் இரவு வகுப்பு தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாக்காளராகப் பதிய முடியாதபடி சட்டம் இருந்த காலம். வெளியாட்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகக் கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்கட்டில் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்த பெர்னிஸ் ராபின்சன் பள்ளி ஆசிரியர் அல்ல, முடி அலங்காரம் செய்பவர். முதலில் சிறுபிள்ளைகளுக்கான பாடப்புத்தகங்களைத்தான் கொண்டுபோனார். வயதானவர்கள் முன்னால் அதை வைக்கலாகாது என்பது போன உடனேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று. புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், பைபிள் படிக்க வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டிவைத்து, வகுப்பு முடிவதற்குள் இதை நீங்கள் படிக்க வேண்டும் என்றார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களிடம்! பின்கட்டு அறையில் வசதி என்று என்ன இருந்திருக்கும்? ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த எவருக்கும் தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்று தோன்றியிருக்காது. அங்கே தொடங்கிய முறை பிறகு தென் மாநிலங்கள் நெடுகப் பரவியது.

உங்கள் அறையின் சுவரில் என்ன இருக்கிறது? "கைபேசியை அணைத்துவைக்கவும்", "கணினியின் அமைப்புகளை மாற்றக் கூடாது" என்ற அறிவிப்புகள் இருந்தால் முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள்.

மேசைகளை நகர்த்த முடியாமல் கேபிள்கள் தரையோடு பதிந்திருக்கலாம். அப்படியானால் ஆளுக்கொரு கணினி என்பதை விட்டுவிடுங்கள். முப்பது கணினி இருந்தாலும் இரண்டு பேருக்கு ஒன்று என்று உட்காரவையுங்கள், பாதி நேரம் கழித்து மவுஸ் கைமாறட்டும். நிர்வாகம் பதறும். ஆனால் நீங்கள் இழந்தது லேப்டாப்பை அல்ல, ஃபைலைத் தேடிக் கொடுத்த அந்தப் பக்கத்து ஆளைத்தான். பெரிய திரையில் காட்டுவதைப் பதினைந்து நிமிடத்தோடு முடித்து, விளக்கைப் போட்டு, வரிசைகளுக்கிடையே நடங்கள். "புரிகிறதா?" வேண்டாம். "எந்த இடத்தில் நின்றுபோச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், நிற்பது இயல்பு என்பது அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

மைக்கை என்ன செய்வது என்பதில் எனக்கு இரண்டு மனம் இருந்தது. கடைசி வரிசைக்கும், காது மந்தமானவர்களுக்கும் உங்கள் குரல் போய்ச் சேர அது வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வி கேட்பவரிடம் கொண்டுபோய் நீட்டாதீர்கள். அவர் மெல்லிய குரலில் கேட்கட்டும், அதை நீங்கள் மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். யார் கேட்டது என்று சொல்ல வேண்டாம்.