ஸ்டார்ட்டரில் லக் கருகுது, தெர்மல் கேமரா 38 டிகிரிதான் காட்டுது – பதில்

மோட்டார் ஸ்டார்ட்டரில் லக் (ஒயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோகக் காது) கருகியும் தெர்மல் கேமரா 38 டிகிரிதான் காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கேமரா சரியாகத்தான் இருக்கிறது. பளபளக்கும் உலோகத்தை நேராக அளந்ததுதான் கோளாறு.

வெப்பநிலையைக் கேமரா நேரடியாகப் பார்ப்பதில்லை. 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அகச்சிவப்புக் கதிரை வாங்கி, உமிழ்திறன் எண்ணை (ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு நன்றாக வெளிவிடும் என்ற அளவு) வைத்துக் கணக்குப் போடுகிறது. கேமராவில் அந்த எண் பெரும்பாலும் 0.95-ல் நிற்கும். மெருகான செம்புக்கு 0.1கூட வராது, மீதியெல்லாம் எதிரொளிப்பு. நீங்கள் படித்த 38, மோட்டார் கொட்டகைச் சுவரின் சூடாகவே இருக்கலாம்.

1. மெயினை இறக்குங்கள். மூன்று ஃபேஸிலும் கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் பார்த்தபின், ஒவ்வொரு லக்கிலும் கறுப்பு பிவிசி டேப் ஒட்டுங்கள்.
2. மெயினை மறுபடி ஏற்றி, தண்ணீர் முழுசாக இறைக்கும்படி அரை மணி ஓட்டுங்கள். சுமை இல்லாமல் எடுத்த படம் வீண்.
3. அருகில் போகாமல், டேப்பை மட்டும் குறிவைத்து மூன்றையும் ஒப்பிடுங்கள்.

ஒரு லக் மட்டும் மற்றதைவிட 15 டிகிரிக்கு மேல் கூடியிருந்தால் இணைப்பு லூஸ். அலுமினிய ஒயரைச் செம்பு லக்கில் நசுக்கியிருந்தால் அதுவே காரணமாகலாம், காவிரி டெல்டாவின் ஈரக்காற்றில் அந்த இடம் சீக்கிரம் அரிக்கும். பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு) போடுங்கள். மூன்றும் ஒரே மாதிரி கொதித்தால் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். குறுவை நேரத்து லோ வோல்டேஜில் மோட்டார் கூடுதலாக இழுக்கும்.

பெட்டியின் கண்ணாடி வழியாகப் படம் எடுக்காதீர்கள், கண்ணாடியின் சூடுதான் வரும். உறை கருகிய ஒயரை அளந்துகொண்டிருக்காமல் வெட்டி மாற்றிவிடுங்கள்.