உலக ரேங்க் ஏறினால் போர்வை விற்குமா?

கேள்வி: சென்னிமலையில் கைத்தறிப் போர்வை நெய்து, இரண்டு வருடமாக இணையதளம் வழியாகவும் விற்கிறோம். மாதம் இருபது, முப்பது ஆர்டர் வருகிறது. போன வாரம் ஒருவர் போன் செய்து, "உங்கள் தளத்தின் உலக ரேங்க் 62 லட்சம். இப்படியே விட்டால் கூகுளில் யார் கண்ணிலும் படமாட்டீர்கள். மாதம் 12,000 ரூபாய் கொடுங்கள், மூன்று மாதத்தில் 5 லட்சத்துக்குள் கொண்டுவருகிறேன்" என்றார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவர் இரண்டு விஷயங்களைக் குழப்பிவிடுகிறார். 'சென்னிமலை போர்வை' என்று தேடும்போது கூகுளில் உங்கள் தளம் எத்தனையாவதாக வருகிறது என்பது ஒன்று. உலகத் தளங்களை வருகையின்படி யாரோ வரிசைப்படுத்துவது வேறொன்று. இரண்டுக்கும் நம் ஊரில் 'ரேங்க்' என்ற ஒரே சொல்தான். கூகுள் தன் முடிவுகளை அடுக்க இந்த உலக வரிசையைப் பார்ப்பதில்லை.

இந்த வரிசையைப் போடுகிறவர்கள் உங்கள் கடைக் கணக்கைப் பார்த்ததே இல்லை. டிவிக்கு டி.ஆர்.பி. எடுப்பது போலத்தான்: சில வீடுகளில் பெட்டி வைத்து ஊர் முழுவதும் என்ன பார்க்கிறது என்று கணக்கிடுவார்கள். பெரிய சேனலுக்கு அது ஓரளவு சரியாக வரும். சின்ன சேனலுக்கு வராது. இப்படி வரிசை போடுவதில் நீண்ட காலம் பேர் பெற்றிருந்த அலெக்ஸா (பேசும் ஸ்பீக்கர் அல்ல, இது வேறு சேவை), பிரவுசரில் அதன் கருவிப்பட்டையை (டூல்பார்) போட்டிருந்தவர்களின் நடமாட்டத்தை வைத்தே பெரும்பாலும் கணித்தது. போட்டிருந்தவர்களில் தளம் நடத்துகிறவர்கள் நிறைய. தன் தளத்தைத் தானே தினம் திறந்து ரேங்கை ஏற்றிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு லட்சத்துக்குப் பின்னால் உள்ள இடங்களை நம்ப வேண்டாம் என்று அலெக்ஸாவே சொல்லி வந்தது. உங்கள் 62 லட்சத்துக்கு என்ன பொருள் இருக்க முடியும்? நாலு பேர் கூடுதலாக வந்தாலே அந்த எண் லட்சக்கணக்கில் புரண்டுவிடும்.

அமேசான் 1999இல் வாங்கிய அந்த அலெக்ஸா சேவை 2022 மே 1 அன்று மூடப்பட்டுவிட்டது. அப்படியும் தளங்களுக்கு விளம்பரம் பிடித்துத் தரும் ஒரு முகவரின் விண்ணப்பப் படிவத்தில் 'அலெக்ஸா ரேங்க்' என்ற கட்டத்தை அண்மையில்கூடப் பார்த்தேன். நிரப்பாவிட்டால் படிவம் போகாது! இல்லாத ஒன்றைக் கட்டாயமாகக் கேட்டால், படிவத்தை நிரப்புகிறவர்கள் ஏதோ ஓர் எண்ணை விலைக்கு வாங்கத்தானே செய்வார்கள்?

அந்த எண்ணை எப்படி ஏற்றுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தானாகப் பக்கங்களைத் திறக்கும் நிரல்களை உங்கள் தளத்துக்கு அனுப்புவார்கள். என்னிடம் வந்த ஒரு மசாலாப் பொடி வியாபாரி இப்படி நாலு மாதம் பணம் கட்டியிருந்தார். தளத்துக்கு யார், எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்து ஊர்வாரியாகப் பார்த்தோம். வந்தவர்களில் பெரும்பகுதி ஆஷ்பர்ன். அது அமெரிக்காவின் வர்ஜீனியாவில், இப்படிப்பட்ட நிரல்கள் ஓடும் சர்வர்கள் குவிந்திருக்கும் ஊர். அங்கிருந்து யாரும் சாம்பார் பொடி வாங்கவில்லை. நிஜ வாடிக்கையாளர் எந்த ஊர்க்காரர் என்பதே அந்தக் கூட்டத்தில் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. தளத்தில் விளம்பரம் வைத்திருந்தால் இன்னும் மோசம். பொய் வருகைக்காக விளம்பரக் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

ஒரே ஒரு இடத்தில் ரேங்க் கொஞ்சம் வேலை செய்யும். செய்தித் தளமோ சமையல் குறிப்புத் தளமோ நடத்தி, நிறுவனங்களிடம் நேரடியாக விளம்பரம் வாங்கிப் பிழைப்பவர்களுக்கு. விளம்பரம் கொடுக்கிறவர் முதலில் தளங்களின் வருகையைக் கணித்துக் காட்டும் சிமிலர்வெப் மாதிரி ஓரிடத்தில் தளத்தின் பெயரைப் போட்டுப் பார்ப்பார். அது அவருக்கு முதல் சல்லடை. அதனால் அப்படிப்பட்டவர்கள் அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் அவர்களுக்கும் அது கதவைத் தட்டத்தான் உதவும். சின்னத் தளங்களுக்கு அங்கே பல சமயம் போதுமான தகவலே காட்டாது. அப்போது உங்கள் அனலிட்டிக்ஸைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, "நீங்களே பாருங்கள்" என்று சொல்லிவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டை விட அதற்கு மதிப்பு அதிகம். விலை பேசும்போது மாத வருகை எவ்வளவு, அதில் தமிழ்நாட்டிலிருந்து எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். நீங்கள் போர்வை விற்கிறீர்கள். இது உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். என்ன சொல்லைத் தேடியபோது உங்கள் தளம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் இருக்கும். கண்ணில் பட்டும் உள்ளே வரவில்லை என்றால் பக்கத்தின் தலைப்பை மாற்றிப் பாருங்கள். உள்ளே வந்தும் வாங்கவில்லை என்றால் படம், விலை, கூரியர் கட்டணம் இந்த மூன்றில் ஏதோ ஒன்று இடிக்கிறது. வெயில் வெளிச்சத்தில் நெசவு தெரிகிற மாதிரி நல்ல படங்கள் எடுக்க அந்த 12,000இல் ஒரு பங்கு போதும்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்காதது. தளத்தின் முகவரி யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தால், சண்டை வரும் நாளில் உங்கள் கடைப் பெயர்ப்பலகை அவர் கையில்தான் இருக்கும். இப்போது அவரோடு நல்லபடியாக இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். புதிதாக அழைக்கும் எவருக்கும் அந்தக் கடவுச்சொல்லைத் தராதீர்கள்.