கவலை முதல் சப்மர்சிபிள் வரை: கிணற்றுப் பாசனம் பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் இரண்டு கல்தூண்களும், சரிந்து இறங்கும் ஒரு பாதையும் இருக்கின்றன. கவலை (மாடு கட்டிக் கிணற்றுநீரை இறைக்கும் அமைப்பு) இறைத்த இடம் என்கிறார்கள். சால் (தண்ணீர் அள்ளும் பெரிய வாளி) மேலே வந்ததும் அதைச் சாய்த்துவிட ஓர் ஆள் நிற்பாரா? அதில் எவ்வளவு நிலம் பாயும்?
– வாசகி, பல்லடம்

சாய்க்க ஆளே வேண்டாம். கவலையின் நுட்பமே அதுதான். சாலின் அடியில் திறந்த ஓட்டை இருக்கும். அதில் தோலால் தைத்த நீளமான குழாய் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதுதான் வால். கயிறு இரண்டு. சாலைத் தூக்கும் தடித்த வடம், தூண்களுக்கு மேலே உள்ள கப்பியில் ஓடும். வாலின் நுனியில் கட்டிய மெல்லிய வால்கயிறு, கிணற்றின் விளிம்பை ஒட்டித் தாழ்வாக உள்ள உருளையில் ஓடும். இரண்டின் மறுமுனையும் மாடுகளின் நுகத்தடியில்.

சால் ஏறிவரும்போது வால் மேல்நோக்கி மடிந்தே இருக்கும். அதன் வாய் சாலில் உள்ள நீர்மட்டத்துக்கு மேலே நிற்பதால் ஒரு சொட்டும் சிந்தாது. விளிம்புக்கு வந்ததும் வடம் சாலை இன்னும் மேலே தூக்கும். வால்கயிறோ வாலைத் தாழ்ந்த உருளை வழியாகத் தொட்டிக்குள் இழுத்துவிடும். வாய் தாழ்ந்தவுடன் தண்ணீர் தானாகவே கொட்டும். வால்கயிறு நீண்டுபோனால் வாலின் வாய் தாழ்ந்து, தண்ணீர் பாதிக் கிணற்றிலேயே ஒழுகத் தொடங்கும். அதனால் கயிற்றின் அளவை அடிக்கடி சரிபார்க்க வேண்டியிருந்தது. தோலுக்கு எண்ணெய் போடாமல் காயவிட்டால் மடிப்பில் வெடித்துவிடும்.

பாதை சரிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பாரம் இழுக்கும்போது மாடு இறக்கத்தில் நடக்கிறது. அதன் உடல் எடையும் சேர்ந்து இழுக்கிறது. வெறும் சால் இறங்கும்போது மாடுகளைப் பின்னோக்கியே நடத்தி மேட்டுக்குக் கொண்டுவருவார்கள். இதற்குப் பழக்கிய மாடுகள் வேண்டும்.

கணக்குக்கு வருவோம். சால் 150 லிட்டர் கொள்ளும், மணிக்கு 40 சால் இறைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 6,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது 33 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இறைத்தாலும் நான்கு நாளுக்கு மேல். தண்ணீரை ஏற்ற வேண்டிய மொத்த உயரம் 10 மீட்டராக உள்ள கிணற்றில், 5 எச்.பி. பம்ப் பாதித் திறனில் ஓடினாலும் மணிக்கு 68,000 லிட்டர் தள்ளும்; அதே வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். மாட்டால் இறைத்த காலத்தில் தோட்டத்தின் அளவைத் தீர்மானித்தது கிணற்றில் உள்ள தண்ணீர் அல்ல, மாட்டின் தெம்புதான்.

பழைய கிணறுகளில் ஆயில் எஞ்சின் கரையிலும், மின்மோட்டார் கிணற்றுக்குள் மேடை கட்டியும் இருக்கிறதே, ஏன்?
– கல்லூரி மாணவர், ஒட்டன்சத்திரம்

பம்ப் தண்ணீரை ‘உறிஞ்சுகிறது’ என்று பேச்சில் சொல்கிறோம். உண்மையில் பம்ப் தனக்குள் வெற்றிடத்தை உண்டாக்குகிறது. வெளியில் உள்ள காற்றழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத்தான் தாங்கும். குழாய் உராய்வு போக, நடைமுறையில் 6 மீட்டர், மிஞ்சினால் 7. அதைத் தாண்டினால் பம்புக்குள் தண்ணீர் ஆவிக்குமிழிகளாகி வெடிக்கும். ஜல்லி உருள்வதுபோலச் சத்தம் கேட்கும். இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அம்மை வடுப்போலக் குழிந்துவிடும். குதிரைத்திறனைக் கூட்டினாலும் இந்த எல்லை நகராது.

ஆகவே நீர்மட்டம் இறங்க இறங்கப் பம்பும் இறங்கியாக வேண்டும். சென்னை மாகாணத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் முன்னின்று பரப்பிய எண்ணெய் எஞ்சின் பம்புகளுக்கு இங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது. எஞ்சினுக்குக் காற்று வேண்டும், புகை வெளியேற வேண்டும். கரையில் எஞ்சினையும் கீழே பம்பையும் வைத்து நீளமான பெல்ட் போட்டுப் பார்த்தார்கள். பெல்ட் நழுவும், அறுந்து அடிக்கும். 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கி, கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தபின் நிலைமை மாறியது. மோட்டாருக்குப் புகை இல்லை. கிணற்றுக்குள் எந்த ஆழத்திலும் மேடை போட்டு உட்காரவைக்கலாம். மின்சாரம் உழைப்பைக் குறைத்தது என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. கிணறுகளை ஆழப்படுத்த வழி திறந்ததும் அதுதான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கரன்ட் இல்லாத நாளில் டீசல் எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார்.

தினமும் காலையில் பம்புக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் இறைக்கிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?
– விவசாயி, அவிநாசி

வேண்டாம். மோட்டாரை நிறுத்தி, பம்பில் நிறையத் தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் கவனியுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வில் (குழாயின் அடியில், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் கதவு) கசிவு. உள்ளே இருக்கும் தோல் வாசர் தேய்ந்திருக்கும், அல்லது சிறு குச்சி சிக்கியிருக்கும். ஃபுட் வால்வு கிணற்றின் தரையிலிருந்து ஓர் அடியாவது மேலே, நீர்மட்டத்துக்கு இரண்டடியாவது கீழே இருக்கட்டும். சக்‌ஷன் பைப் (கிணற்றிலிருந்து பம்புக்கு வருவது) டெலிவரி பைப்பைவிட (பம்பிலிருந்து வெளியே போவது) ஓர் அளவு பெரிதாக இருப்பது நல்லது.

கையோடு டெலிவரி பைப்பையும் பாருங்கள். தொட்டிக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி, தண்ணீர் அருவிபோல விழும்படி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பார்க்க அழகு. ஆனால் 10 மீட்டர் ஏற்றும் கிணற்றில் அப்படிக் கூடும் ஒவ்வொரு மீட்டரும் பத்தில் ஒரு பங்கு மின்சாரம். தொட்டியின் விளிம்புக்கு இறக்கிவிடுங்கள்.

இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்சர் (மின்தேக்கி) போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டலாமா?
– வாசகர், மணப்பாறை

ஓடும், ஆனால் காயில் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச் சுருள்) போகும். கண்டென்சர் மூன்றாவது பேஸுக்குப் பதிலாக ஒரு போலிப் பேஸைத்தான் தருகிறது. அது ஒரு குறிப்பிட்ட சுமைக்கு மட்டுமே பொருந்தும். கிணற்றில் மட்டம் மாறினால் சுமை மாறும். ஒரு காயிலில் மட்டும் கரன்ட் ஏறிச் சூடாகும், வார்னிஷ் கருகும். ஸ்டார்ட் ஆனபின் விலக வேண்டிய கண்டென்சர் விலகாமல் ஒட்டிக்கொண்டால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் கருவியைப் பொருத்துங்கள். காயில் கட்டும் கூலியைவிட அது மலிவு.

போர்வெல்லில் கம்ப்ரஸரை எடுத்துவிட்டு சப்மர்சிபிள் போட நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பல்லாவரம்

கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தண்ணீரை இலேசாக்கி மேலே கொண்டுவருகிறது. மின்சாரத்தில் பெரும்பகுதி காற்றை அழுத்துவதிலேயே போய்விடும். சப்மர்சிபிள் தண்ணீருக்குள்ளேயே இருந்து தள்ளுவதால் உறிஞ்சும் எல்லை அதற்கு இல்லை. ஆழத்துக்கு ஏற்ப ஸ்டேஜ்களை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இம்பெல்லர்களை) கூட்டினால் போதும். ஆனால் போரில் மணல் வந்தால் சப்மர்சிபிள் தாங்காது, இம்பெல்லர் தேய்ந்துவிடும். கம்ப்ரஸர் மணலோடும் இறைக்கும். ஆகவே இப்போது வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஒரு மணி நேரம் தெளியவிட்டு, அடியில் மணல் படிகிறதா என்று பார்த்தபின் முடிவெடுங்கள். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால், இறக்குமுன் சுத்தமான தண்ணீரைக் குமிழி வருவது நிற்கும்வரை நிரப்ப வேண்டும். ஓட்டியதும் தண்ணீர் குறைவாக வந்தால் பம்பைக் குறை சொல்லாமல், மூன்று பேஸ் மோட்டார் என்றால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கட்டிப் பாருங்கள். எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கலாம்.