பேரூராட்சித் தலைவரை விமர்சித்து எழுதியதற்காகக் கைது செய்ய முடியுமா?

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் போட்ட தார்ச்சாலை முதல் மழையிலேயே பெயர்ந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற ஒப்பந்த விவரங்களுடன், தலைவரின் பெயரைக் குறிப்பிட்டு முகநூலில் எழுதினேன். பதிவை நீக்கி மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் அவதூறு வழக்கில் கைது செய்வோம் என்று காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: அவதூறுக்காகக் காவல்துறை உங்களைத் தானாகக் கைது செய்ய முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் அடங்கும் அந்தக் குற்றம் பிணையில் விடத்தக்கது. குற்றவியல் நடுவரின் (மாஜிஸ்திரேட்) உத்தரவின்றிக் காவல்துறை அதைப் புலன்விசாரணை செய்யவும் இயலாது. பாதிக்கப்பட்டதாகக் கருதும் தலைவர் நீதிமன்றத்தில்தான் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

பேரூராட்சி என்ற அமைப்பு தன் பெயர் கெட்டதாகக் கூறி உங்களிடம் இழப்பீடு கேட்க முடியாது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக எழுந்த ராஜகோபால் வழக்கில், அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அவ்வுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. பொது ஊழியரின் அலுவல் சார்ந்த செயல்களைப் பற்றி எழுதியவர், உண்மைகளை நியாயமான அளவு சரிபார்த்த பிறகே எழுதினார் என்று காட்டினால் இழப்பீட்டு வழக்கில் அதுவே போதுமானது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. உங்கள் கையிலுள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டப் பதில்தான் அந்தச் சரிபார்ப்புக்குச் சான்று. அதன் மூலப்படியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று அதே நீதிமன்றம் 2016-இல் கூறிவிட்டதால், தலைவர் தனிப்பட்ட முறையில் புகார் செய்யும் வழி திறந்தே இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் குடிமகனைச் சிறைத்தண்டனை காட்டி மிரட்ட இடமளிக்கும் இந்தப் பிரிவு மக்களாட்சிக்குப் பொருந்தாதது என்பதே என் உறுதியான கருத்து.

எனவே உங்கள் சொற்களை இன்றே மீண்டும் படித்துப் பாருங்கள். "சாலை தரமற்றது, ஒப்பந்தத்தை விசாரிக்க வேண்டும்" என்பது நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட கருத்து. 356-ஆவது பிரிவின் விதிவிலக்குகளே அதைக் காக்கின்றன. "தலைவர் லஞ்சம் வாங்கினார்" என்று ஆதாரமின்றி எழுதியிருந்தால், அந்த வாக்கியத்தை மட்டும் திருத்திவிடுங்கள். முழுப் பதிவையும் நீக்கத் தேவையில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவே வேண்டாம், ஏனெனில் பின்னாளில் அது உங்களுக்கு எதிரான ஒப்புதலாகக் காட்டப்படலாம்.

வதந்தி பரப்பியதாகவோ பகைமையைத் தூண்டியதாகவோ வேறு பிரிவுகளில் வழக்குப் பதிய முயன்றால், இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் வழங்கிய தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் காட்டட்டும். பேச்சு, எழுத்து தொடர்பான குற்றச்சாட்டுகளில், தண்டனை மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் இருக்குமானால், முதல் தகவல் அறிக்கை பதியுமுன் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தமானது என்று அது கூறுகிறது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எவரேனும் குறிப்பிட்டால், அது 2015-லேயே ரத்தாகிவிட்டது என்று சொல்லுங்கள்.

தொலைபேசி அழைப்பு சட்டப்படியான அழைப்பாணை ஆகாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி, காவல்துறை முன் ஆஜராகச் சொல்லி எழுத்து வடிவில் அறிவிப்பு நேரில் வந்தால் மட்டும், தவறாமல், வழக்கறிஞருடன் செல்லுங்கள். அதை மதிக்காமல் இருப்பது கைதுக்குக் காரணமாகிவிடும். இதற்கிடையில், அழைப்பு வந்த நாள், நேரம், எண், பேசியவரின் பதவி ஆகியவற்றைக் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு மனு அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.