போர்டு கிளாக்கை மாற்றுவது: சில கேள்விகள்

துணியில் பழுது கண்டுபிடிக்கும் கேமரா மெஷின்களுக்கு எஃப்பிஜிஏ (உள்ளே சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) டிசைன் செய்வது கோவையில் என் பிழைப்பு. அதற்குத் தாளம் போடும் துடிப்பான கிளாக் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணா, பெருந்துறையில் ஃபைனல் இயர் படிக்கிறேன். லேபில் உள்ள கேசி705 எஃப்பிஜிஏ போர்டில் யூசர் கிளாக் 156.25 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. ஹெச்டி வீடியோவுக்கு 148.5 வேண்டும். எங்கே மாற்றுவது?

தம்பி, அந்த 156.25 எஃப்பிஜிஏவுக்குள் பிறப்பதல்ல. எஸ்ஐ570 என்ற ஆசிலேட்டர் சிப் தருகிறது. ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பு வழியாக அதில் எழுத வேண்டும். நடுவில் ஒரு மக்ஸ் (பாதை மாற்றும் சிப்) இருக்கிறது. முதலில் அதன் சேனலைத் திறக்காவிட்டால் சிப் வாயே திறக்காது.

கணக்கு இதுதான். சிப்புக்குள் ஓடும் டிசிஓ என்ற உள் ஆசிலேட்டர் 4850-லிருந்து 5670 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். அதை ஹெச்எஸ்டிவ் (4, 5, 6, 7, 9, 11), என்1 (1 அல்லது 128 வரை இரட்டை எண்) என்ற இரண்டு வகுப்பான்களாலும் வகுத்து வெளியே விடுகிறது. 148.5-ஐ 32-ஆல் பெருக்கினால் 4752, எட்டவில்லை. 36-ஆல் பெருக்கினால் 5346, சரி. 36-க்கு 6×6-உம் ஆகும், 9×4-உம் ஆகும். 9×4 எடுங்க, கரன்ட் குறையும். ரிஜிஸ்டரில் 9-க்கு 5, 4-க்கு 3 என்று போகும்.

எஸ்ஐ570-க்குள் இருக்கும் கிறிஸ்டல் 114.285 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டுக் கணக்குப் பார்த்தேன். வெளியே கொஞ்சம் தள்ளி வருகிறதே? (பீளமேடு)

அது ஏட்டுச் சுரைக்காய். சிப்புக்குச் சிப் கிறிஸ்டல் லேசாக மாறும். ஃபேக்டரி மதிப்பை ரீகால் செய்து ரிஜிஸ்டர்களைப் படியுங்க. அதன்படி ஹெச்எஸ்டிவ் 4, என்1 8 என்றிருந்தால் டிசிஓ 5000. அதை ஆர்ஃப்ரெக் (கிறிஸ்டலை டிசிஓ வேகத்துக்கு ஏற்றும் பெருக்கி) மதிப்பால் வகுத்தால் உங்கள் சிப்பின் நிஜக் கிறிஸ்டல் கிடைக்கும்.

எல்லாம் எழுதியும் புது ஃப்ரீக்வென்சி ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வருவதில்லை. (திருப்பூர்)

ரிஜிஸ்டர் 137-ல் டிசிஓவை ஃப்ரீஸ் செய்து, மதிப்புகளை எழுதி, ஃப்ரீஸை எடுத்த 10 மில்லிசெகண்டுக்குள் ரிஜிஸ்டர் 135-ல் நியூஃப்ரெக் (புது ஃப்ரீக்வென்சியை எடுத்துக்கொள் என்னும்) பிட்டை வைக்க வேண்டும். நானும் இதில் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவன்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரின்ட் வரி போட்டிருந்தேன். சீரியல் போர்ட்டின் 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்துக்கே ஒரு மில்லிசெகண்ட் ஆகும். நாற்பது எழுத்துக்கு? வரியை எடுத்தேன், ஓடிவிட்டது.

மாற்றியதும் டிசைனே நின்றுவிடுகிறதுங்க. (ஈரோடு)

மாற்றும் நேரத்தில் கிளாக் நின்றுதான் வரும். எஃப்பிஜிஏவுக்குள் கிளாக்கைப் பெருக்கி வகுக்கும் எம்எம்சிஎம்மின் லாக் (பிடிப்பு) போய்விடும், ரீசெட் கொடுத்து லாக் வரும்வரை காத்திருங்க. அப்புறம், ஐ2சி எழுதுகிற பிராசஸரையே அந்தக் கிளாக்கில் ஓட்டினால் உட்கார்ந்த கிளையை வெட்டுகிற கதை. அதை 200 மெகாஹெர்ட்ஸ் சிஸ்டம் கிளாக்கில் வையுங்க.

டைமிங் கன்ஸ்ட்ரெயின்ட்டை (கிளாக்கின் ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் என்று டிசைன் டூலுக்குச் சொல்வதை) மாற்ற வேண்டுமா?

வேகம் குறைத்தால் பழையதே தாங்கும். 200-க்கு ஏற்றினால் 156.25-க்கான 6.4 நானோசெகண்டை 5 ஆக்கி மறுபடி ரன் செய்தே ஆக வேண்டும். போர்டு ஓடுகிறதே என்று விட்டுவிடாதீங்க.

பவர் போனால்?

பழைய 156.25 வந்துவிடும். ஒவ்வொரு பூட்டிலும் எழுதுங்க.

100 மெகாஹெர்ட்ஸுக்கும் இவ்வளவு பாடு படவேண்டுமா? (பள்ளிபாளையம்)

வேண்டாம். 200-ஐ எம்எம்சிஎம்மில் பாதியாக்கினால் போதும். டிரான்ஸீவருக்கு (அதிவேக சீரியல் இணைப்புக்கு) ஜிட்டர் (துடிப்பின் நடுக்கம்) குறைந்த ரெஃபரன்ஸ் கிளாக் வேண்டும்போதுதான் எஸ்ஐ570 பக்கம் போவேன். பெருந்துறைத் தம்பி கோபித்துக்கொள்ளாதே: 200-ஐ 10-ஆல் வகுத்து, 37.125-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்துப் பார், அதே 148.5.