கணினி கேள்வி – பதில்: வேர்ட் கோப்பில் பக்கம் கலைந்தால்

மற்றவர்களின் ஆய்வேடுகளையும் அறிக்கைகளையும் அச்சுக்குத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய கோப்பு ராத்திரியில் கலைந்துபோனால் எவ்வளவு தவிப்பாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த முறை வந்த கடிதங்களில் வேர்டில் பக்க அமைப்பு பற்றிக் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் மேடம், பின்னால் இருக்கும் எல்லா அத்தியாயங்களும் இடம் மாறிவிடுகின்றன. தலைப்பு பக்கத்தின் நடுவில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கம் வரை திருத்த வேண்டியிருக்கிறது. வேறு வழியே இல்லையா?
– ஆய்வு மாணவி

ப: இருக்கிறது. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு 8 என்ற எண்ணைத் தட்டுங்கள். இதுவரை கண்ணுக்குத் தெரியாத குறிகளெல்லாம் திரையில் வந்துவிடும். ஸ்பேஸ் அடித்த இடத்தில் சிறு புள்ளி, டேப் அடித்த இடத்தில் அம்புக்குறி, என்டர் தட்டிய இடத்தில் இடவலம் மாறிய ஆங்கில 'பி' போன்ற ஒரு குறி. இப்போது ஓர் அத்தியாயம் முடியும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் 'பி' குறிகள் பத்துப் பதினைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அடுத்த அத்தியாயத்தைப் புதுப் பக்கத்துக்குத் தள்ளுவதற்காக நீங்கள் தட்டிய என்டர்கள்தான் அவை. வேர்டைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் எழுத்தில்லாத ஒரு பத்தி. மேலே ஒரு வரி கூடினால் அவையும் ஒரு வரி இறங்கும், தலைப்பும் கூடவே இறங்கும். இந்தத் தலைப்பு புதுப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று வேர்டிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலிப் பத்திகளை அழித்துவிடுங்கள். கன்ட்ரோலோடு என்டர் தட்டினால் பேஜ் பிரேக், அதாவது அடுத்தது புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்ற குறி, விழும், நாலைந்து பக்கக் கடிதத்துக்கு அது போதும். ஆய்வேட்டுக்கு அதைவிட நல்ல வழி உண்டு. ஹோம் பட்டையில் ஹெடிங் 1 என்ற ஸ்டைல் இருக்கும். எழுத்து, பத்தி அமைப்புகளை ஒரு பெயரில் சேர்த்து வைத்திருப்பதுதான் ஸ்டைல். அதன்மேல் வலது கிளிக் செய்து மாடிஃபை, பிறகு கீழே ஃபார்மேட், அதற்குள் பாராகிராஃப், அதில் லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ். அங்கே 'பேஜ் பிரேக் பிஃபோர்' என்பதை டிக் செய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கும் அந்த ஸ்டைலைக் கொடுங்கள். முன்னால் எத்தனை பக்கம் சேர்த்தாலும் நீக்கினாலும் அத்தியாயம் புதுப் பக்கத்தில்தான் தொடங்கும்.

தலைப்பை வெறும் போல்ட் போட்டுப் பெரிதாக்கி வைத்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். உட்தலைப்பு மட்டும் பக்கத்தின் அடியில் தனியாக நின்று, அதன் பத்தி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவதும் இதனால்தான். வேர்டில் ஏற்கெனவே உள்ள ஹெடிங் ஸ்டைல்களில் 'கீப் வித் நெக்ஸ்ட்' போட்டே இருக்கும். தலைப்பு அடுத்த பத்தியை விட்டுப் பிரியக் கூடாது என்பது அதன் பொருள். கையால் பெரிதாக்கிய வரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பொருளடக்கமும் ஹெடிங் ஸ்டைல்களை வைத்துத்தான் தானாக உருவாகிறது. எனவே இந்த ஒரு வேலையை இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று உங்களிடம் கெஞ்சியே கேட்பேன்.

பத்திகளுக்கு இடையே இடைவெளி விட இரண்டு என்டர் தட்டியிருந்தால் அதையும் ஒழித்துவிடலாம். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரீப்ளேஸ் பெட்டியில் மோர், பிறகு ஸ்பெஷல் போய், தேடும் இடத்தில் பாராகிராஃப் மார்க்கை இரண்டு தடவையும் மாற்றும் இடத்தில் ஒரு தடவையும் போடுங்கள். மூன்று நான்கு என்டர் சேர்ந்திருந்தால் ஒரே சுற்றில் போகாது, திரும்பவும் ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். அப்புறம் நார்மல் ஸ்டைலில் 'ஸ்பேசிங் ஆஃப்டர்' என்ற இடத்தில் 6 அல்லது 8 பாயின்ட் கொடுத்தால் கோப்பு முழுக்க ஒரே சீராக இடைவெளி வந்துவிடும்.

கே: என் கோப்பில் பக்கத்தின் பாதி வெறுமையாகக் கிடக்கிறது. என்டர் இல்லை, பேஜ் பிரேக்கும் இல்லை. அடுத்த பத்தி மேலே ஏறி வர மறுக்கிறது.
– அலுவலக உதவியாளர்

ப: அதே கன்ட்ரோல், ஷிஃப்ட், 8. பிறகு ஏறி வர மறுக்கும் பத்திகளின் இடப்பக்க ஓரத்தை உற்றுப் பாருங்கள். சின்னதாக ஒரு கறுப்புச் சதுரம் தெரிகிறதா? அப்படியானால் அந்தப் பத்திக்குக் கீப் வித் நெக்ஸ்ட், கீப் லைன்ஸ் டுகெதர், பேஜ் பிரேக் பிஃபோர் போன்றவற்றில் ஏதோ ஒன்று போடப்பட்டிருக்கிறது. தலைப்புக்குப் பக்கத்தில் அந்தச் சதுரம் இருப்பது நியாயம். சாதாரணப் பத்திகளில் வரிசையாக இருந்தால்தான் கோளாறு. பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது இப்படி நேர்வது சகஜம். ஒவ்வொரு பத்தியும் அடுத்ததை விடாமல் பிடித்துக்கொள்வதால் மொத்தக் கூட்டமும் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தப் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு ஆங்கிலக் 'க்யூ' எழுத்தைத் தட்டுங்கள். தனியாகப் போட்ட பத்தி அமைப்புகள் நீங்கி, ஸ்டைலில் உள்ளது மட்டும் மிஞ்சும். அதற்குப் பிறகும் சதுரம் போகவில்லை என்றால் ஸ்டைலிலேயே டிக் விழுந்திருக்கிறது, அங்கே போய் எடுங்கள்.

கே: ஒரு பெரிய அட்டவணைக்காக ஒரே ஒரு பக்கத்தைப் படுக்கைவாட்டில் திருப்ப வேண்டும். ஓரியன்டேஷனை மாற்றினால் கோப்பு முழுவதும் திரும்பிவிடுகிறது. எப்படியோ சரிசெய்தேன், ஆனால் ஏதோ ஒரு கோடு தேவையில்லை என்று அழித்தவுடன் முன்னால் இருந்த நாற்பது பக்கமும் படுத்துவிட்டது. அழாத குறைதான்.
– திட்ட அறிக்கை எழுதுபவர்

ப: நீங்கள் அழித்தது சாதாரணக் கோடு இல்லை, செக்‌ஷன் பிரேக். அதைப் புரிந்துகொண்டால் வேர்டில் வரும் பெரிய தலைவலிகளில் பாதி தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பக்கத்தின் அளவு, ஓரம், திசை, ஹெடர் (பக்கத்தின் மேலோரத்தில் வரும் வரி), ஃபுட்டர் (கீழோரத்தில் வருவது), பக்க எண் எங்கே தொடங்குவது, இவை எதையும் வேர்ட் ஒரு தனிப் பக்கத்துக்கென்று வைத்துக்கொள்வதில்லை. செக்‌ஷன் என்ற பகுதிக்குத்தான் வைத்துக்கொள்கிறது. நீங்கள் எதுவும் செய்யாதவரை கோப்பு முழுவதும் ஒரே செக்‌ஷன். அதனால்தான் ஒரு பக்கத்தைத் திருப்பப் போனால் எல்லாமே திரும்புகின்றன. அட்டவணைக்கு முன்னால் கர்சரை வைத்து லேஅவுட், பிரேக்ஸ், அதில் செக்‌ஷன் பிரேக்ஸ் என்ற தலைப்பின் கீழுள்ள நெக்ஸ்ட் பேஜ். அட்டவணை முடிந்த பிறகு இன்னொரு நெக்ஸ்ட் பேஜ். இப்போது கோப்பு மூன்று செக்‌ஷன். நடு செக்‌ஷனுக்குள் கர்சரை வைத்து லேண்ட்ஸ்கேப் கொடுத்தால் அது மட்டும் திரும்பும்.

இனி நாற்பது பக்கம் படுத்த கதைக்கு வருவோம். ஒரு செக்‌ஷனின் அமைப்பெல்லாம் அது முடியும் இடத்தில் உள்ள பிரேக்கில்தான் பதிந்திருக்கிறது. பிரேக்கை அழித்தால் அதற்கு மேலே உள்ள பகுதி தன் அமைப்பை இழந்து, கீழே உள்ள பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். நீங்கள் அழித்தது அட்டவணைக்கு முன்னால் இருந்த பிரேக். கீழே இருந்தது லேண்ட்ஸ்கேப். அதனால் மேலே இருந்த நாற்பது பக்கமும் அப்படியே திரும்பின. நேர்மாறாக அட்டவணைக்குப் பின்னால் உள்ள பிரேக்கை அழித்திருந்தால் அட்டவணைப் பக்கம் நேராகியிருக்கும். உடனே கன்ட்ரோல் 'இசட்' அடித்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். உண்மையிலேயே பிரேக் வேண்டாம் என்றால், கீழே உள்ள செக்‌ஷனின் திசை, ஓரம், ஹெடர் எல்லாவற்றையும் முதலில் மேலே உள்ளது போலவே மாற்றுங்கள், பிறகு பிரேக்கை அழியுங்கள். எதுவும் கலையாது.

கடைசி செக்‌ஷனுக்கு முடிவில் பிரேக் கிடையாது. அதன் அமைப்பு கோப்பின் கடைசிப் பத்திக் குறியில் இருக்கிறது.

ஹெடருக்கும் இதே கணக்கு, ஆனால் கூடுதலாக ஒரு முடிச்சு உண்டு. புது செக்‌ஷன் போட்டாலும் அதன் ஹெடரும் ஃபுட்டரும் முந்தைய செக்‌ஷனோடு கட்டியேதான் இருக்கும். ஹெடரை இரட்டை கிளிக் செய்தால் மேலே 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்று ஒரு பட்டன் ஒளிரும். முதலில் அதை அணைக்க வேண்டும், அப்புறம்தான் எழுத்தை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் முந்தைய அத்தியாயத்தின் ஹெடரும் சேர்ந்து மாறிவிடும். ஹெடருக்கு அணைத்தால் ஃபுட்டருக்கும் அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அதைத் தனியாக அணைக்க வேண்டும். மாற்றப்போகும் செக்‌ஷனுக்கு அடுத்த செக்‌ஷனிலும் போய் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மாற்றம் அங்கேயும் பரவும்.

முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3 என்றும் வேண்டும் என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். இதே முறைதான். அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு நெக்ஸ்ட் பேஜ் பிரேக், ஃபுட்டரின் கட்டை அவிழ்ப்பது, பிறகு ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ் பெட்டியில் 'ஸ்டார்ட் அட்' 1. அதற்குப் பின்னால் வரும் செக்‌ஷன்களில் 'கன்டின்யூ ஃப்ரம் ப்ரீவியஸ் செக்‌ஷன்' இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கே: கோப்பின் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம். டெலீட், பேக்ஸ்பேஸ் எதற்கும் மசியவில்லை.
– பள்ளி ஆசிரியர்

ப: அதற்கு முந்தைய பக்கம் ஓர் அட்டவணையோடு முடிகிறதா? அட்டவணைக்குப் பிறகு ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது வேர்டின் விதி. அட்டவணை பக்கத்தின் அடிவரை நிறைந்திருந்தால் அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், அழிக்கவும் முடியாது. அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 1 என்று அடியுங்கள். பாராகிராஃப் பெட்டியில் முன், பின் இடைவெளியை 0 ஆக்கி, வரி இடைவெளியைச் சிங்கிள் ஆக்குங்கள். முந்தைய பக்கத்திலேயே அடங்கிவிடும்.

கே: படத்தைச் செருகினால் அடியில் ஒரு கீற்று மட்டும் தெரிகிறது. மீதிப் படம் எங்கே போகிறது?
– கல்லூரி மாணவர்

ப: படம் முழுதாக அங்கேயேதான் இருக்கிறது. அந்தப் பத்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கும், பாருங்கள். 18 பாயின்ட் என்று கட்டாயப்படுத்தியிருந்தால், வரியோடு ஒட்டிய படத்துக்கும் அந்த 18 பாயின்ட் உயரம்தான் கிடைக்கும். சிங்கிள் என்று மாற்றியவுடன் முழுப் படமும் வந்துவிடும். தமிழில் தட்டச்சு செய்பவர்கள் எக்ஸாக்ட்லியைத் தொடாமல் இருப்பதே நல்லது. இடைவெளி சற்றுக் குறைந்தாலும் 'கீ'யின் மேல்சுழியும் 'கூ'வின் கீழ்வளைவும் திரையில் வெட்டுப்பட்டுத் தெரியும்.

படம் தானாக இடம் மாறுகிறது என்று எழுதியவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராப் டெக்ஸ்ட்டில் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' கொடுங்கள். படம் ஓர் எழுத்தைப் போல வரியில் உட்கார்ந்துகொள்ளும். படம் உள்ள பத்திக்குக் கீப் வித் நெக்ஸ்ட் கொடுத்தால் கீழே உள்ள விளக்க வரியும் அதைவிட்டுப் பிரியாது.

கே: என் கணினியில் 62 பக்கம். அச்சுக்குக் கொடுத்த இடத்தில் திறந்தால் 65 பக்கம். பொருளடக்கத்தில் உள்ள எண்களெல்லாம் பொய்யாகிவிட்டன.
– நூல் தொகுப்பாளர்

ப: முதலில் தாளின் அளவைப் பாருங்கள். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். லெட்டர் தாள் ஏறக்குறைய 216க்கு 279. லெட்டரில் உயரம் 18 மில்லிமீட்டர் குறைவு, அதாவது பக்கத்துக்கு மூன்று நான்கு வரி போய்விடும். அகலம் சற்றுக் கூடுதல் என்றாலும் அந்த இழப்பை அது முழுதாக ஈடுகட்டாது.

தாள் சரியாக இருந்தால் எழுத்துருதான் காரணம். நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் வேர்ட் எதையும் கேட்காமல் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அதன் அகலமும் உயரமும் வேறாக இருக்கும், எல்லா வரியும் வேறு இடத்தில் மடியும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் போனால் ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன் என்று ஒரு பட்டன் உண்டு. எந்த எழுத்துருவுக்குப் பதிலாக எது வந்திருக்கிறது என்று அது காட்டிவிடும். உங்கள் கணினியில் அதே ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' டிக் செய்து சேமித்தால் எழுத்துருவும் கோப்போடு போகும். உரிமம் அனுமதிக்காத எழுத்துருக்கள் மட்டும் சேராது. அச்சிட மட்டும்தான் என்றால் வேர்ட் கோப்பை அனுப்பவே வேண்டாம். பொருளடக்கத்தின்மேல் கிளிக் செய்து எஃப்9 தட்டிப் புதுப்பித்துவிட்டு, பிடிஎஃப் ஆக்கி, அதை உங்கள் கணினியில் ஒரு தடவை முழுக்கப் புரட்டிப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

கே: அட்டவணையின் தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் வர வேண்டும். 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' கொடுத்தும் வரவில்லை.
– கணக்காளர்

ப: டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ராப்பிங் 'அரவுண்ட்' என்று இருந்தால் வராது, 'நன்' ஆக்குங்கள். நடுவில் கையால் பேஜ் பிரேக் போட்டிருந்தாலும் வராது, அதை எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டளை முதல் வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டாம் வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பலன் இல்லை. தலைப்பு இரண்டு வரிசை என்றால் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்.